உரித்தெடுக்கும் கறுப்பு

அமெரிக்க ஏரிகளில் நீர்ச்சறுக்கு வீரர்களை இழுத்துச் செல்லும் வேகப்படகுகளில், தயாரிப்பாளரின் பெயர்ச்சின்னம் குரோமிய முலாமில் பளபளக்கும். அந்தப் பளபளப்பு பிடிக்காமல் பெயரைக் கறுப்பாக்க விரும்புகிற உரிமையாளர்கள் பெயின்ட் அடிக்கலாம், வினைல் ஒட்டலாம், அல்லது ரப்பர் பூச்சைத் தெளிக்கலாம். மூன்றாவது வழிதான் சரியானது என்பேன். கறுப்பு எதில் வந்தாலும் கறுப்புதான். அது சின்னத்தின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இத்தகைய பூச்சுகளில் பெயர் பெற்றது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வரும் பிளாஸ்டி டிப். குறடு போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கியெடுத்தால் வழுக்காத உறை கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த பொருள் அது. ஸ்ப்ரே டப்பாவாகவும் கிடைக்கிறது. டப்பாவுக்குள் இருப்பது கரைப்பானில் கரைந்த செயற்கை ரப்பரும் நிறமியும். தெளித்ததும் கரைப்பான் ஆவியாகிறது. ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படலமாகின்றன. கீழே இருக்கும் பரப்போடு அவை வேதிப்பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. படலம் தனக்குள் பிடித்திருக்கும் வலு, பரப்பைப் பிடித்திருக்கும் வலுவைவிட அதிகம். அதனால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால், காய்ச்சிய பாலின் ஏடுபோல முழுதாக வந்துவிடுகிறது. பெயின்ட் அப்படி அல்ல. வழவழப்பான குரோமியத்தில் அது பிடிக்க வேண்டுமானால் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். பல சின்னங்களில் குரோமியம் என்பது பிளாஸ்டிக்கின்மேல் ஏற்றிய மெல்லிய முலாம்தான். ஒருமுறை தேய்த்துவிட்டால் பழைய பளபளப்பு திரும்பாது. வினைல், சிறிய எழுத்துகளின் வளைவு நெளிவுகளில் சுருக்கமின்றி உட்காருவது கடினம்.

உரியும் குணத்துக்குத் தடிமன் வேண்டும். ஒன்றிரண்டு பூச்சோடு நிறுத்தினால் படலம் உரியாது, துணுக்குத் துணுக்காகக் கிழியும். நான்கைந்து பூச்சாவது தேவை. முதல் பூச்சில் குரோமியம் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க அவசரப்பட்டு ஒரேயடியாகத் தெளித்தால் வழிந்துவிடும். எழுத்தைச் சுற்றி நூல் பிடித்தாற்போல டேப் ஒட்டத் தேவையில்லை. மெழுகும் பாலிஷும் போகத் துடைத்து, சற்றுத் தள்ளி டேப்பும் தாளும் ஒட்டி, சின்னத்தோடு சுற்றுப்புறத்தையும் சேர்த்தே தெளிக்கலாம். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் எழுத்தின் விளிம்பைப் பல்குச்சியால் அழுத்திக்கொண்டே போனால் படலம் அங்கே அறும். வெளியே உள்ளதை உரிக்கலாம், எழுத்தில் மட்டும் கறுப்பு நிற்கும்.

படகு நீரிலும் வெயிலிலும் கிடக்கிறதே, தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் சின்னத்தில் தாங்கும். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பகுதிக்கு இது ஆகாது. பெட்ரோல் இதன் எதிரி: ரப்பரைக் கரைத்த கரைப்பானுக்கு நெருங்கிய உறவு என்பதால், எரிபொருள் நிரப்பும் மூடியருகே சிந்தினால் பூச்சு இளகும். வெயிலில் பழசாகி உரிய மறுக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு வழியுண்டு. மேலே புதிதாகக் கனமாகத் தெளித்தால், அதன் கரைப்பான் பழைய படலத்தை இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். காய்ந்தபின் இரண்டும் சேர்ந்தே வரும். கரைப்பானின் ஆவி தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் கேடு. இதற்கு மட்டும் சமாதானம் கிடையாது. திறந்த வெளியில், முகமூடி அணிந்து, நெருப்புக்கு எட்டத்தில்தான் தெளிக்க வேண்டும்.

கறுப்பு மோகம் பெயர்ச்சின்னத்தோடு நிற்கட்டும். படகின் முன்பகுதியில் இருபுறமும் உள்ள பதிவெண், குறைந்தது 3 அங்குல உயரத்தில், பின்புலத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பின்பக்கத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணையும் மூடாதீர்கள்.