பழைய கட்டளையும் புதிய ஒழுங்கும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து தமிழ் பயில வரும் மாணவர் சிலர், "ஐயா, கணினி உலகில் தமிழ் படித்தவனுக்கு என்ன இடம்?" என நம்மிடம் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக, மென்பொருளாளர் செய்யும் பணியொன்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கணினிக்கு ஒரு வரியில் எழுத்தாலும் ஏவல் இடலாம். அதனைக் கட்டளை வரி என்பர். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 'எல்எஸ்' என எழுதினால் கோப்புகளின் பெயர்கள் மட்டும் தோன்றும். சிறுகோடிட்டு 'எல்' எழுத்தையும் சேர்த்தால் அவற்றின் அளவும் நாளும் உரிமையும் விரியும். முன்னது வினை, பின்னது அதனைச் சிறப்பிக்கும் அடை. இவ்வடையே விருப்பத்தேர்வு எனப்படும்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸில், தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலும் தன் அடைகளைத் தானே பிரித்தறிந்தது. ஆதலின் மரபுகள் வேறுபட்டன. 'ஆர்' எழுத்து, 'சார்ட்' நிரலில் தலைகீழ் வரிசையைக் குறிக்கும். 'சிபி' நிரலிலோ உள்ளடங்கிய கோப்புறைகள் அனைத்தையும் படியெடுக்கச் சொல்லும். 'கெட்ஆப்ட்' என்னும் பொது நிரல்கூறு பின்னர் ஓர் ஒழுங்கைத் தந்தது.

பைத்தான் என்னும் கட்டற்ற நிரல்மொழியில் 2003-இல் 'ஆப்ட்பார்ஸ்' சேர்க்கப்பட்டது. அது அடைகளைப் பிரித்ததேயன்றி, கோப்புப்பெயர் போன்ற எஞ்சிய சொற்களை நிரலரிடமே விட்டுவிட்டது. அக்குறை நீக்க ஸ்டீவன் பெதார்டு இயற்றிய 'ஆர்க்பார்ஸ்' 2010-இல் 2.7 பதிப்பில் இடம்பெற்றது. ஆயினும் பழையது அகற்றப்படவில்லை. அதனை நம்பி எண்ணற்ற நிரல்கள் இயங்கியமையே காரணம்.

இங்குதான் மறுசீரமைப்பின் அருமை புலனாகிறது. வெளிப்பயன் மாறாமல் உள்ளமைப்பைத் திருத்துவதே அப்பணி. முதலில் பழைய நடத்தையைச் சோதனைகளாக எழுதிவைப்பர். பின் சிறிது சிறிதாக மாற்றுவர். பெயர் மாறிய அடையைச் சிலகாலம் எச்சரிக்கையுடன் ஏற்பர். இவ்வொழுங்கு தவறின், நள்ளிரவில் தானே காப்புப்படி எடுக்குமாறு யாரோ அமைத்துவைத்த நிரல் ஓசையின்றி நின்றுபோகும். இழப்பு நேர்ந்த பின்னரே அவர் அதனை உணர்வார்.

தமிழ் மாணவர்க்கு இது புதுமையன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் ஒன்பது இயல்களால் ஆனது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் அப்பொருளை நன்னூலில் ஐந்து இயல்களாக மறுசீரமைத்தார். பதவியலைப் புதிதாகத் தந்தார். நன்னூல் வந்ததால் தொல்காப்பியம் மறையவில்லை. இரண்டையும் நாம் இன்றும் பயில்கிறோம்.

சொல்லைப் பகுத்து, அடையையும் வினையையும் பிரித்தறியும் பயிற்சி நம் மாணவரிடம் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியும் பைத்தானிலேயே எழுதப்பட்டது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். வாயில் திறந்தே இருக்கிறது. தயக்கமின்றி நுழைவதே நம் மாணவர் செய்யவேண்டுவது.