டப்பா நிறைய ஈ, பந்தல் நிறைய சொத்தை

தொண்டாமுத்தூர், பொங்கலூர், கிணத்துக்கடவு பக்கம் பாகலும் புடலையும் பீர்க்கனும் பந்தல் போட்டவர்களுக்குப் பழ ஈயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிஞ்சிலேயே குத்திவிட்டுப் போய்விடும். குத்தின இடம் முதலில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். சில நாளில் காய் கோணும், மஞ்சளாகும். அறுத்துப் பார்த்தால் உள்ளே புழு நெளியும். முட்டை தோலுக்கடியில் இருப்பதால் மேலே அடிக்கிற மருந்து புழுவை எட்டுவதில்லை. வாசனை காட்டி ஈயைப் பிடிக்கும் பொறி பிரபலமானது இதனால்தான். யோசனை நல்லது. ஆனால் வாங்குகிறவரிடம் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் அதில் இருக்கின்றன.

முதல் விஷயம், எல்லாப் பழ ஈயும் ஒரே வாசனைக்கு வருவதில்லை. மா, கொய்யாவைத் தாக்கும் ஈ மெத்தில் யூஜினாலுக்கு வரும். பாகல், புடலை, பூசணியைக் குத்தும் ஈ வேறு இனம். அதற்குக் கியூலூர் வேண்டும். ஆயக்குடி கொய்யாத் தோப்புக்கு ஏற்ற வாசனை வில்லையை வாங்கிப் பாகல் பந்தலில் கட்டினால் என்ன ஆகும்? பக்கத்து மாமரத்து ஈயெல்லாம் வந்து விழும். டப்பா நிறையும். விவசாயிக்கும் சந்தோஷம், விற்றவருக்கும் சந்தோஷம். பாகலைக் குத்துகிற ஈ மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அட்டையில் ‘பழ ஈ பொறி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பாதிச் செய்திதான். உள்ளே எந்த வாசனை, எந்தப் பயிருக்கு என்று கேட்காமல் காசை நீட்டாதீர்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். இந்த இரண்டு வாசனைகளுக்கும் வருவது ஆண் ஈக்கள்தான். காயைக் குத்தி முட்டை வைப்பதோ பெண். இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. பீகாரின் பூசாவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் 1912-லேயே இதை எழுதிவிட்டார். கொசுவை விரட்டப் பூசிய சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் மொய்த்தன. பார்த்தால் அத்தனையும் ஆண். அந்த எண்ணெயில் ஈயை இழுத்தது மெத்தில் யூஜினால் என்பதும் 1915-க்குள் தெரிந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் கடைக்காரர் பலர் இதைச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆணை மட்டும் கொன்று பயன் உண்டா? உண்டு. பெண்ணுக்குத் துணையே கிடைக்காத அளவுக்கு ஆண்களைத் தீர்த்துக்கட்டினால். பசிபிக் கடலில் ரோட்டா என்ற சிறு தீவில் 1960-களின் தொடக்கத்தில், மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு மா ஈயை அடியோடு ஒழித்தார்கள். அது தீவு, வெளியிலிருந்து ஈ வர வழியில்லை. கியூலூருக்கு அவ்வளவு இழுவை கிடையாது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் பாகல் ஈயை ஒழிக்க அது போதாமல், மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். வேலை முடிந்தது 1993-இல்.

நம்மூரில் ஒரு ஏக்கர் பந்தலுக்கு வேலிதான் எல்லை, ஈக்கு அதுவும் கிடையாது. நீங்கள் மட்டும் பொறி கட்டினால் அடுத்த தோட்டத்தில் ஏற்கெனவே துணை சேர்ந்த பெண் ஈ வந்து குத்தும். ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் கட்டினால்தான் பலன் தெரியும். டப்பா நிறைந்திருக்கிறது என்றால் ஈ அதிகம் என்று அர்த்தம். ஈ ஒழிந்தது என்று அர்த்தமில்லை.

ஆகவே பொறியோடு செய்ய வேண்டியவற்றில் முதலிடம் குப்பை பொறுக்குவதற்கு. உதிர்ந்த, குத்தின காயை வரப்பில் வீசுவது அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்ப்பது. புழு காயைவிட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. காய்களைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். பந்தலுக்கடியில் மண்ணைக் கிளறிவிட வேண்டும். செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

பெண் ஈயையும் இழுப்பது கருவாட்டுத் தூள் பொறி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரைப்படி, ஒரு பொறிக்கு 5 கிராம் நனைந்த தூள், பஞ்சில் ஒரு மில்லி டைக்குளோர்வாஸ். இங்கேதான் எச்சரிக்கை. நுவான் என்று நமக்குப் பழகிய அந்த டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவர்களுக்கு யாராவது எடுத்துக் கொடுத்தால் அது சட்டவிரோத விற்பனை. மாற்று என்ன என்று வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

பொறிக்குள் இருப்பதும் விஷம்தான். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பொறி செய்கிறோம்; குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிவிட்டு மறந்துபோகிறோம். செத்த ஈயைக் கோழிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம், புதைத்துவிடுங்கள். மெத்தில் யூஜினாலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. காயில் தெளிக்காமல் டப்பாவுக்குள் தொங்குவதால் சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டியதில்லை. வில்லையைத் தொடுகிறவர் கையுறை போட வேண்டும். பொறியில் சேர்க்கும் மாலத்தியான் போன்ற மருந்து உடம்பில் ஏறினால் வாயில் எச்சில் வழியும், வியர்க்கும், வாந்தி வரும், கண்மணி சுருங்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்து பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

தவறான வில்லையோ சரக்கில்லாத வில்லையோ தலையில் கட்டப்பட்டால்? விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது விதைக்கான வழக்கு. காசு கொடுத்து வாங்கும் பொறிக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. ஆனால் கையில் பில் வேண்டும். பூச்சிமருந்து விற்கும் உரிமம் பெற்றவர் பில் கொடுத்தே ஆக வேண்டும், லேபிளில் நம் மொழியும் இருக்க வேண்டும். தெரிந்த கடை, கணக்கில் எழுதிக்கோ என்ற பழக்கத்தில் நாம் இழப்பது இந்த ஆதாரத்தைத்தான். பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்து வையுங்கள், குத்தின காயையும் டப்பாவையும் தேதியோடு படம் பிடியுங்கள். வழக்குக்கு முன்பே 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் இன்னும் அழுத்தம் கிடைக்கும்.

பழ ஈ ஒரு தோட்டத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகல், புடலை, கத்தரி, சேப்பங்கிழங்கையும் உள்ளே விட மறுத்தது. வந்த சரக்கில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்ததே காரணம். மாம்பழத் தடை அடுத்த வருஷமே நீங்கியது. காய்கறிகளுக்கு அதற்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது.

அடுத்த நடவுக்குப் பொறி வாங்குமுன் குத்தின காய் இரண்டை எடுத்துக்கொண்டு கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போய் எந்த ஈ என்று கேளுங்கள். போக முடியாதவர்களுக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பதில் கிடைக்கும், அழைப்பு இலவசம்.