மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பொருந்தாத கால்

பல வருஷம் செயற்கைக் காலோடு நடந்தவர்கூட, ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து அதை மாட்டும்போது திகைத்துப்போகிறார். மிஞ்சிய காலை நுழைக்கும் கூடான சாக்கெட் முன்பு கச்சிதமாக இருந்தது; இப்போது கால் அதற்குள் போக மறுக்கிறது. இல்லையென்றால் தொளதொளவென்று ஆடுகிறது. செயற்கைக் கால் கெட்டுவிட்டதாக நினைக்கிறார். மாறியிருப்பது உடம்பு.

மிஞ்சிய காலை நாள் முழுக்க அழுத்திப் பிடித்திருப்பது சாக்கெட்தான். பித்தப்பையோ குடலிறக்கமோ, எதற்காகப் படுத்தாலும் அந்த அழுத்தம் போனதும் அங்கே நீர் கோக்கும். வாரக்கணக்கில் நடக்காவிட்டால் தசை கரையும், எடை குறையும். அப்போது அதே சாக்கெட் பெரிதாகிவிடும். அந்தக் காலிலேயே கத்தி பட்டிருந்தால் வடிவமே மாறும். புதிதாகக் கால் எடுத்தவருக்கு இந்த மாற்றமெல்லாம் அடங்க ஓராண்டுகூட ஆகலாம்.

வீக்கத்துக்கு கிரேப் பேண்டேஜை எட்டுப் போட்டுச் சுற்றுவார்கள். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. சுற்றும் முறையைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். சாக்கெட் தளர்ந்தால் மிஞ்சிய காலில் சாக்ஸ் ஒன்று கூட்டலாம். காலையில் ஒன்று போதும், மாலையில் இரண்டு தேவைப்படும் என்பதும் சகஜமே. முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது சுகம்தான், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். கழற்றிய பின் சிவப்புத் தடம் கால் மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்டக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குப் புண் வலிக்காமலே வளரலாம். தினமும் கண்ணாடி பிடித்துப் பார்த்தே தீர வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்கும். நண்பகலில் கழற்றித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே அணிய வேண்டும்.

இதெல்லாம் போதாதபோது செயற்கைக் காலையே திருத்த வேண்டும். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தால் வலது காலை இழந்தவர் நடனக் கலைஞர் சுதா சந்திரன். ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியிடம் செயற்கைக் கால் பெற்றும், ஆடிப் பழகியபோது ரத்தம் கசிந்தது. நடனத்துக்கு ஏற்றபடி அந்தக் கால் திருத்தப்பட்டது. 1984இல் அவர் மீண்டும் மேடையேறினார். அவருடைய மன உறுதியை எல்லோரும் பாராட்டுகிறோம், சரிதான். அந்தத் திருத்தங்களையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

செயற்கைக் கால் வழங்கும் நம் ஊர் முகாம்களில் இந்தத் திருத்தும் வேலைதான் விடுபடுகிறது. கால் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி சாக்கெட்டைச் சரிசெய்ய ஊன்றுகோலோடு பஸ் ஏறி மதுரைக்கு வர வேண்டும். அவர் கூலி போகும், துணைக்கு வருபவர் கூலியும் போகும். கடைசியில் கால் பரணுக்குப் போய்விடும். இத்தனைக்கும் ஜெய்ப்பூர் முறையில் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கித்தான் சாக்கெட்டை உருவாக்குகிறார்கள். உறுத்தும் இடத்தைச் சூடுகாட்டிச் சற்று விரிக்க முடியும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்தால் எத்தனையோ பேர் மறுபடி வேலைக்குப் போவார்கள். அரசு இதைச் செய்ய வேண்டும்.

செயற்கைக் கால் அணிபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததுமே கால் செய்து கொடுத்தவரிடமும் சொல்லிவையுங்கள். வீடு திரும்பியதும், வலியோடு திணித்து மாட்டாமல், அந்தக் காலை எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள்.