ஆடும் தளத்தில் ஆடாத அளவு

போடி மேற்கு மலையில் பொட்டிபுரத்தை அடுத்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க விஞ்ஞானிகள் விரும்பியது, வானிலிருந்து இடையறாது பொழியும் காஸ்மிக் கதிர்களின் இடையூற்றை ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறைக் கனம் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையினால்தான். எதிர்ப்புகளுக்கு உள்ளான அத்திட்டம் நிறைவேறவில்லையெனினும், நுட்பமான அளவைக்கு அமைதியான ஸ்தலம் வேண்டும் என்ற உண்மையை அது நமக்கு உணர்த்துகிறது. அத்தகைய ஸ்தலம் எதுவுமே கிட்டாத கடலோடும் ஆராய்ச்சிக் கப்பலில், சமுத்திர நீரின் ரசாயனத்தை எவ்வாறு பிழையின்றி அளப்பது?

கப்பலில் இடையூறு இருவகையானது. யந்திரங்களால் எழும் விரைந்த நடுக்கத்தை, கருவியின் கனத்துக்கு ஏற்ற ரப்பர்த் தாங்கிகளால் பெரிதும் தணித்துவிடலாம். அலையின்மீது கப்பல் மெதுவாக ஏறியிறங்கும் சலனமோ அத்தாங்கிகளைப் பொருட்படுத்தாமல் ஊடுருவி, தராசுத் தட்டிலுள்ள பொருளை ஒரு கணம் கனத்ததாகவும் மறுகணம் லேசானதாகவும் காட்டும். ஆகவே, எடை தெரிந்த பொருளைத் தாங்கிய மற்றொரு தராசை அருகே நிறுத்தி, இரண்டும் ஒரே சமயத்தில் காட்டும் அளவுகளின் விகிதத்தைப் பலமுறை கண்டு சராசரி எடுக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான ஆட்டம் விகிதத்தில் மறைந்துபோகிறது.

இதனினும் எளிய உபாயம், கடலில் நிறுப்பதையே தவிர்ப்பது. ஒரு லிட்டர் ஏலக்காய் எத்தனை கிராம் நிற்கிறதென்று பார்த்துத் தரம் காணும் போடி வியாபாரிகள் அறிந்த லிட்டர் எடையில், கப்பல் ஆட்டம் கெடுப்பது கிராமையே, லிட்டரை அன்று. ஆதலால், நீரில் கரைந்த பிராணவாயுவை அளக்க 1888-இல் விங்க்லர் வகுத்த முறையில், ஒப்பளவாகப் பயன்படும் பொட்டாசியம் அயோடேட்டைக் கரையிலேயே துல்லியமாக நிறுத்து எடுத்துச் சென்று, கப்பலில் பிப்பெட்டாலும் பியூரெட்டாலும் கொள்ளளவுகளை மட்டுமே அளக்கலாம். கடலிலிருந்து மேலே எடுத்த நீரை உடனே மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் இட்டு நிலைப்படுத்திவிட்டால், டைட்ரேஷன் என்னும் அந்தக் கொள்ளளவு அளவையைச் சற்றுப் பொறுத்தும் செய்யலாம்.

1983-ஆம் ஆண்டில் வந்த ஆராய்ச்சிக் கப்பலான 'சாகர் கன்யா'வும், சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் 'சாகர் நிதி'யும் சுமந்து செல்லும் பணியின் பெருமை இத்தகைய பொறுமையில்தான் இருக்கிறது. அரபிக் கடலின் நடு ஆழங்களில் பிராணவாயு அருகிய பெரும்படலம் ஒன்று பரந்து கிடக்கிறது. அது விரிகிறதா, சுருங்குகிறதா என்பதை மிகச் சிறிய வேறுபாடுகளே சொல்லும். மீனவரின் வாழ்வோடு தொடர்புடைய அந்த விடையை, தராசின் ஆட்டத்தைக் கடலின் மாற்றமென்று பிறழ உணராத அளவையே நமக்கு அளிக்க வல்லது.