சுண்ணாம்பு வீட்டுக்குச் சிமெண்ட் பூச வேண்டாம்



மழைக்கு முன் நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் அடிக்கடி காண்பது இது: “சுவரில் ஓதம் ஏறுகிறது, காரை பொரிந்து விழுகிறது, சிமெண்ட் பூச உதவி வேண்டும்.” சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வீட்டுக்குப் பணம் கொடுத்தோம். இரண்டே மழையில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. செங்கல்லின் முகமும் அதோடு உரிந்து வந்தது. கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. விசாரிக்காமல் கொடுத்தது நாம்தான்.

நம் பெரியவர்கள் கட்டிய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. அஸ்திவாரத்தில் ஓதத்தைத் தடுக்க எதுவும் வைத்திருக்கமாட்டார்கள். தரை ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் உயரே ஏறுகிறது. கடலோர ஊர்களில் கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லை அரிக்கிறது.

எனவே முதலில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை ஆறப்போடுங்கள். கோடையில் தொடங்குவது நல்லது. நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழைக்க வேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல இறுகும். அதனால் மெல்லிய பூச்சாகப் பூசி, அது இறுகிய பிறகே அடுத்த பூச்சு. நடுவில் தண்ணீர் தெளித்து வர வேண்டும். கடைசியில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெள்ளையடித்தாலே போதும். கூலியும் நாளும் கூடுதலாகும் என்பதை மறைக்கவில்லை.

மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால், மேலே கனமாகக் கான்கிரீட் போடாதீர்கள். பழைய கட்டைகள் அந்தப் பாரம் தாங்கா. பெயர்ந்த தட்டோடுகளை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பில் பதித்து, மேலே வெள்ளையடியுங்கள். வெயிலைத் திருப்பியடிக்கும், கீழறை சூடு குறையும்.

வாரிசுகள் பங்கு பிரித்ததும் முற்றத்தை மூடி அறை எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சூடான காற்று மேலே வெளியேறும் வழியே அந்த முற்றம்தான். அதை மூடியவர்கள்தான் மறுவருடம் ஏசி வாங்குகிறார்கள். கரண்ட் பில்லோடு நம்மிடம் வந்தவர்களும் உண்டு. அறை தேவையென்றால் பின்கட்டில் எடுங்கள். புதுச் சுவரைப் பழைய சுவரோடு பிணைக்காமல் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள்; இரண்டும் ஒரே அளவில் அமுங்காது, பிணைத்தால் விரிசல் விடும்.

இனி பழுதுபார்ப்பு மனு தருவோரின் வீட்டை நேரில் பார்த்த பிறகே தொகை முடிவாகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் தெருவில் இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள்.