ஒரே பானையில் விழும் நடுக்கங்கள்

சிறுவயதில் எங்கள் வீடு ரயில் பாதைக்கு அடுத்த தெருவில். இரவு கூட்ஸ் வண்டி போகும்போது பரணில் பாத்திரங்கள் முதலில் முனகும், பிறகு படபடக்கும், கடைசியில் ஒரு தம்ளர் மட்டும் 'கிண்' என்னும். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

நிலநடுக்கமும் அப்படித்தான். நிலத்தடிப் பாறைப் பிளவின் ஒரே இடம் மறுபடி நழுவினால், அலை அதே பாறைகள் வழியே வந்து பதிவுக் கருவியில் ஏறக்குறைய அதே கோட்டைக் கீறும். பதிவில் ஒரே சாயலில் இரண்டு கீறல்கள் இருந்தால், கண்ணுக்குத் தப்பிய குட்டி நடுக்கமாக இருக்கலாம். "எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் எப்படித் தேடுவது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதிவைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடலாம்; ஆனால் விநாடிக்கு ஒரு துண்டு என்றாலும் ஒரு வாரத்துக்கு 6 லட்சம் துண்டுகள். ஒப்பிட வேண்டிய ஜோடிகள் 18,000 கோடி.

2015இல் ஸ்டான்ஃபோர்டில் கிளாரா யூன், கிரெகரி பெரோசா குழுவினர் 'ஃபாஸ்ட்' என்ற முறையை வெளியிட்டார்கள். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளின் உத்திதான். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் வழக்கத்தை மீறித் தூக்கலாக இருக்கிறது என்பதை மட்டும் 0, 1 எனக் குறித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுப்பார்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். கணினியில் வழக்கமான 'ஹாஷ்' கணக்கு, ஓர் எழுத்து மாறினாலே பொருளை வேறு மூலைக்கு எறிந்துவிடும். இங்கே நேர்மாறு: சாயல் ஒத்தவை ஒரே பானையில் விழ வேண்டும் என்றே கணக்கை அமைத்திருக்கிறார்கள். ஒரு பானை வரிசையில் தவறினால் இன்னொன்றில் மாட்டும். அதற்காகவே பல வரிசைகள். பல வரிசைகளில் சேர்ந்தே விழும் ஜோடிகளை எடுத்துக்கொண்டால் போதும். மற்ற கோடிகளைத் தொடவே வேண்டாம்.

கலிஃபோர்னியாவின் கலவெராஸ் பிளவருகே ஒரு நிலையத்தின் ஒரு வாரப் பதிவில் சோதித்தார்கள். எல்லாவற்றையும் ஒப்பிடும் பழைய முறைக்கு 9 நாள் 13 மணி நேரம். இதற்கு 1 மணி 36 நிமிடம். ஏற்கெனவே தெரிந்த நடுக்கங்களின் பட்டியலில் இருந்த 24இல் 21 சிக்கின. மூன்று தப்பின. பட்டியலிலேயே இல்லாத 68 அகப்பட்டன.

என் பரண் இங்கே மறுபடி குறுக்கிடுகிறது. கூட்ஸ் வண்டிக்கும் தினமும் ஒரே சாயல்தானே? ஆம், திரும்பத் திரும்ப வரும் இரைச்சலையும் இது பிடித்துக்கொடுக்கும். முடிவில் மனிதர்தான் உட்கார்ந்து பொறுக்கி எடுக்க வேண்டும்.

கருவி வாங்கினால் திறப்பு விழா நடத்துகிறோம். அது எழுதித் தள்ளுவதைப் பார்க்க ஆள் வைப்பதில்லை. அந்த 68 நடுக்கங்களும் 2011 ஜனவரியில் பதிவானவை; வெளியே தெரிய 2015 ஆயிற்று. பழைய பதிவுகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.