எழ மறுக்கும் மடிக்கணினி

தேர்வு நெருங்கும் வேளையில் மடிக்கணினி எழ மறுத்தால் உள்ளம் படும் பாடு, சான்பாடாவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் தோழர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. உடனே கடைக்கு ஓடுகிறோம். “எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள்” என்கிறோம். கணினி எழுகிறது, ஆண்டு முழுதும் எழுதிய ஆய்வேடோ அழிந்துபோகிறது. பொறுங்கள், நண்பர்களே! எழாத கணினியெல்லாம் இறந்த கணினி அன்று.

2024 ஜூலை 19-ஆம் நாளை நினைவுகூருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. மும்பை விமான நிலையமும் தப்பவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தனர். அக்கணினிகளின் உறுப்புகள் கெட்டனவா? இல்லை. ‘சேஃப் மோட்’ வழியே நுழைந்து அக்கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. ‘பிட்லாக்கர்’ பூட்டுள்ளவற்றுக்கு மட்டும் 48 இலக்க மீட்பு எண்ணும் தேவைப்பட்டது.

ஆகவே, கணினி எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் காணவேண்டும்.

விளக்கே எரியவில்லையா? வேறு பிளக்கில் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பின்னர் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் இணைத்து முயலுங்கள்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்கிறதா? தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணையுங்கள். அதில் படம் தெரிந்தால் குறை திரையிலோ அதன் கம்பியிலோ இருக்கும்.

நிறுவனத்தின் பெயர் தோன்றியபின் நிற்கிறதா? பென் டிரைவைக் கழற்றுங்கள். சிலமுறை எழ முயன்று தோற்றால், விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’, பின்னர் ‘சேஃப் மோட்’ என முயலலாம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, ஆய்வேட்டைப் படியெடுத்தல்.

மழையில் நனைந்த கணினியாயின் இவற்றுள் ஒன்றும் செய்யாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

அழித்துப் புதிதாக ஏற்றுவது கடைசி வழி. அதற்கு முன், கோப்புகளைப் படியெடுத்துத் தரும்படி கடைக்காரரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். அதனினும் நன்று, கணினி நலமாயிருக்கும் இன்றைக்கே ஆய்வேட்டின் படியொன்றை வேறிடத்தில் வைப்பதும், மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைப்பதும் ஆகும். பத்து நிமிட வேலை. ஓராண்டு உழைப்பைக் காக்கும்.